வாய் திறக்காத துகள்

பூசணிப் பூ ஒரு காலைதான் விரிந்திருக்கும். அதன் நடுவே, மகரந்தம் வந்து ஒட்டும் சூல்முடியில், அக்காவும் தங்கையுமாக இரண்டு செல்கள் மொட்டிலிருந்தே ஈரம் சேர்த்து வைத்திருந்தன. தோலைக் கிழித்தால்தான் அது வெளியே வரும்.

தேனீ ஒரு மகரந்தத் துகளை அக்காவின் தலையில் உதறிவிட்டுப் போனது.

"அக்கா, வறண்டு கிடக்குது. ஈரத்தைக் குடு," என்றது தங்கை.

"வாயத் திறந்து கேக்கட்டும். கேக்காதவங்களுக்காக நான் எதுக்குத் தோலைக் கிழிச்சுக்கணும்?" என்றது அக்கா.

துகள் பேசவில்லை. வெயில் ஏறியது. பொறுக்க முடியாமல் தங்கை தன் தோலைக் கிழித்துக்கொண்டது. அந்த ஈரம் ஊர்ந்துபோய்த் துகளைத் தொட்டபோது இதழ்கள் மூடத் தொடங்கியிருந்தன.

"விழுந்ததிலிருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்," என்றது துகள். "நாக்கு நனைஞ்சாத்தானே சத்தம் வரும்?"

அதோடு அதன் உயிர் அடங்கிவிட்டது.

அக்கா பதறித் தன் தோலைக் கிழித்தது. ஈரம் துகளைச் சுற்றித் தேங்கி நின்றது.