பின்கதவுத் தாழ்ப்பாள்

"ஒண்ணு, உங்க பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்ல, என் பெட்டி போகணும். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே தெரிஞ்சாகணும்!"

அவள் பெட்டி என்றால் துணிமணி வைக்கும் பெட்டி. அவர் பெட்டி என்றால் தோட்டத்தில் நிற்கும் தேனீப் பெட்டிகள்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பியவள், பஸ் வராததால் பாதியில் திரும்பியிருந்தாள். வந்து பார்த்தால் பின்பக்க நடையில், தேனெடுக்கும்போது போடும் வெள்ளை உடுப்பு, முகத்தை மறைக்கும் வலைத் தொப்பி, முழங்கைவரை கையுறை என்று முழுக் கோலம். பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? கணவருக்குத் தொழிலே ரிப்பேர் வேலைதான். ஊரில் எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் ஓடுகிற கால், சொந்த வீட்டுக் குழாய்க்கு மட்டும் மரத்துப்போகும். மிச்ச நேரமெல்லாம் தேனீக்களுக்கு. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பூனை முட்டினால்கூடத் திறந்துகொள்ளும்.

"பேசுங்களேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

வெள்ளை உடுப்பு மெதுவாகப் பின்கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தது.

"எங்க நழுவுறீங்க? எதிர் வீட்டம்மா கூப்பிட்டாங்களா? இன்னிக்கு வேலையை முடிக்காம நீங்க வாசப்படி தாண்டினா, நான் அடுத்த பஸ்ல போயிடுவேன். அப்புறம் உங்க ராணித் தேனீதான் உங்களுக்குச் சமைச்சுப் போடணும்!"

கை தொப்பியைத் தொட்டது.

"கழட்டாதீங்க! பூச்சி எதுவும் ஒட்டிக்கிட்டிருந்தா என்னைக் கொட்டவா? அப்படியே வாங்க. முதல்ல குழாய்."

வெள்ளை உடுப்பு நடுக்கூடத்தில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பியது.

"சமையலறை இந்தப் பக்கம். டூல்ஸ் அடுப்புக்குக் கீழ இருக்கு. இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

குழாயோடு மல்லுக்கட்டி, உடுப்பெல்லாம் நனைந்து, ஒரு வழியாகச் சொட்டு நின்றது. அடுத்து மின்விசிறி. ஏணியில் நின்ற கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர் வீட்லயெல்லாம் இப்படியா நடுங்குறீங்க?"

விசிறி சுற்றியது. அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. டீ போட்டுக் கொடுத்தாள். "அந்தப் பக்கம் திரும்பி நின்னு குடிங்க" என்றாள். சுவரைப் பார்த்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெள்ளை உடுப்பு டம்ளரைக் கழுவியே வைத்தது. கல்யாணமான நாளிலிருந்து காணாத அதிசயம். அவள் கண் லேசாகக் கலங்கியது.

"பீரோ சாவி தொலைஞ்சு போச்சே, அதை மட்டும் பாத்துடுங்களேன்" என்றாள், இப்போது கெஞ்சலாக.

அங்கேதான் வேலையின் அழகே தெரிந்தது. அவள் கொண்டை ஊசியைக் கேட்டுக் கை நீண்டது. ஒரு திருகு, ஒரு தட்டு. பீரோ திறந்துகொண்டது. உள்ளே இருந்த வளையல்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"என்ன பெருமூச்சு? எல்லாம் எங்கப்பா போட்டது. ஆமா, இவ்வளவு கைத்திறமையை இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

கடைசியாகப் பின்கதவு. அந்தக் கை தாழ்ப்பாளைக் கழற்றியதும் வளைந்ததை நிமிர்த்தியதும் திரும்ப மாட்டியதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டன. அவளே தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். வாயெல்லாம் பல்.

"சரி, போங்க. உங்க பெட்டியும் இருக்கட்டும், என் பெட்டியும் இருக்கட்டும். ராத்திரி உங்களுக்குப் பிடிச்சதா செய்யறேன்."

அப்போது வெளியிலிருந்து யாரோ பின்கதவைத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. படபடவென்று தட்டினார்கள்.

"என்ன இது, கதவு திறக்க மாட்டேங்குது? யாரு உள்ள? ஏம்மா, நீ ஊருக்குப் போகலையா?"

கணவரின் குரல்!

அவள் திரும்புவதற்குள் வெள்ளை உடுப்பு வாசல் வழியாகத் தெருவில் பறந்துகொண்டிருந்தது.

அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். ஸ்பேனரும் கிரீஸ் படிந்த கையுமாகக் கணவர் உள்ளே வந்தார்.

"காலையிலிருந்து எதிர் வீட்டு மோட்டாரோட ஒரே போராட்டம்... ஆமா, ஆணியில மாட்டியிருந்த என் தேனீ உடுப்பு எங்கே? இது என்ன மூட்டை?"

நடை மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தார். மிக்ஸி, சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி.

"ஐயோ! திருடன் புகுந்திருக்கான்! உனக்கு ஒண்ணும் ஆகலையே? சொல்லும்மா, வேற என்ன போச்சு?"

அவள் சொட்டாத குழாயைப் பார்த்தாள். சுற்றுகிற விசிறியைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த ஒரு வேலையையாவது இன்னிக்கே செய்ங்க" என்றாள். "அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டி வெச்சிடுங்க. மாடித் தொட்டி இன்னும் ஒழுகுது."