பசி அடங்கும் நேரம்

"ரெண்டு கிலோ கூடியிருக்கு சார்!"

டயட்டீஷியன் சொன்னதும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடை மெஷினிலிருந்து இறங்கினார். சட்டைப் பையில் இருந்த செல்போன், பர்ஸ், கார் சாவி எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். எண் மசியவில்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா. ஒரு மாசமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கிடக்கிறேன். எப்படிக் கூடும்?"

டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் அவர். காலையில் காரில் உட்கார்ந்தால் இருட்டும்வரை இடுப்பு நகராது. சீட் பெல்ட்டைப் போட மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கவேண்டிய நிலை வந்த பிறகுதான் போன மாதம் இங்கே வந்தார். இந்த முறை துணைக்கு மனைவியும் வந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் கொடுத்த சார்ட்படி சாப்பிட்டீங்களா?"

மாஸ்டர் நெளிந்தார். "கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் கலந்து குடிச்சா கொழுப்பு வெண்ணெயா உருகிடும்னார் ஒருத்தர். அதைக் குடிச்சிட்டு மத்தியானம்வரைக்கும் பட்டினி. இன்னொருத்தர் பேச்சைக் கேட்டு இடுப்புல வேர்க்கிற பெல்ட்டும் கட்டிக்கிட்டேன்."

"மத்தியானம்?"

"பசி வந்தா பத்தும் பறந்துடும்னு சொல்வாங்க. எனக்கு உங்க சார்ட்டும் சேர்ந்து பறந்துடுச்சு."

டயட்டீஷியன் சிரித்துவிட்டார். "தேன்லயும் இருக்கிறது சர்க்கரைதான் சார். அது எந்தக் கொழுப்பையும் உருக்காது. பெல்ட் கட்டினா போறது உடம்புத் தண்ணி. ரெண்டு டம்ளர் குடிச்சா திரும்ப வந்துடும்."

மாஸ்டர் இடுப்பைச் சொறிந்துகொண்டார். பெல்ட் தந்த வேர்க்குரு மட்டும் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

"அப்போ பசியை எப்படித்தான் சமாளிக்கிறது? தண்ணி குடிச்சா அடங்குமா?"

"அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

பதில் சொன்னது டயட்டீஷியன் இல்லை. மனைவி. இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"டீ குடிச்சா ஒரு மணி நேரம்," என்றாள் அவள், கொஞ்சம் கூச்சத்தோடு. "ஆனா வெறும் வயித்துல ரெண்டாவது டீ குடிச்சா நெஞ்சு எரியும். ரொட்டி தின்னா சீக்கிரமே பசிக்கும். ஒரு கைப்பிடி பயறு வேகவச்சு, ஒவ்வொண்ணா மென்னு தின்னா பாதி நாள் ஓடிடும்."

"அட, சரியாச் சொல்றீங்களே!" என்றார் டயட்டீஷியன்.

"பசி ஏறிக்கிட்டே போகாதும்மா. வரும், ஒரு இருபது நிமிஷம் ஆட்டி வைக்கும், அப்புறம் தானா இறங்கிடும். அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுக்கணும். நான் துணி துவைப்பேன். பக்கத்து வீட்டுல தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்திடணும். ராத்திரி சரியாத் தூங்கணும். தூங்கலைன்னா மறுநாள் ரெண்டு மடங்கு பசிக்கும்."

மாஸ்டர் திகைத்துப்போய்ப் பார்த்தார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"எந்தச் சேனல்ல பார்த்தே இதெல்லாம்? எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏன் ஊரான் பேச்சைக் கேட்டுப் பெல்ட் கட்டப்போறேன்?"

"நாங்க நாலு வருஷம் படிச்சதைச் சொல்றாங்க சார்," என்று டயட்டீஷியன் வியந்தார். "இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க போல!"

மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ இன்னொண்ணு கேட்கிறேன். மூணு நாள் முழுப் பட்டினி கிடந்தா வயிறு சுருங்கிப் போயி, அப்புறம் பசியே எடுக்காதாமே? நாளையிலேர்ந்து அதைப் பண்ணிப் பார்க்கலாம்னு..."

"வேணாங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"வயிறெல்லாம் சுருங்காது. மூணாவது நாள் பசி மரத்துப் போயிடும், அவ்வளவுதான். அடங்கிடுச்சுன்னு தோணும். எழுந்து நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். கை நடுங்கி டம்ளர் நழுவும். தலை வாரினா முடி கொத்துக்கொத்தா சீப்போட வந்துடும். அந்தப் பக்கமே போகாதீங்க."

எழுதிக்கொண்டிருந்த டயட்டீஷியனின் பேனா நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்.

"இது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதில்லையேம்மா. நீங்க எப்ப இப்படி டயட் இருந்தீங்க?"

"அது பழைய கதை. விடுங்க. அவருக்கு என்ன சாப்பாடுன்னு எழுதிக் கொடுங்க."

"சும்மா சொல்லேன்," என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரியாம நீ எப்ப டயட் இருந்தே? கல்யாணத்துக்கு முன்னாடியா?"

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க முன்னாடி வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்களே, அப்போ. நீங்க வேலை தேடி அலைஞ்ச அந்த ஒன்றரை வருஷம்."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத அதிர்ச்சியில் குரல் உயர்ந்தது.

"என்ன உளர்றே? அந்த ஒன்றரை வருஷமும் நம்ம வீட்டுல ஒரு வேளை தவறினதில்லையே! எவ்வளவு கஷ்டத்துலயும் மூணு வேளையும் சாப்பிட்டோமே!"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்களும் பாப்பாவும் சாப்பிட்டீங்க."