வடக்குப் பக்கம்

மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிற மேஸ்திரி இரண்டு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். வடக்கே பார்த்த பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்காமல் மண்வெட்டியைத் தொடமாட்டார். புது இடத்திலும் அந்தக் கோடு வடக்கே பார்த்துத்தான் நிற்கவேண்டும். வேரையும் ஒரே மூச்சில் வெட்டமாட்டார். முதலில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தை மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் வெட்டி, அன்றைக்கே மரத்தைத் தூக்கிவிடுவார்.

"பாவம், வலிக்காதா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார்.

ஒரு காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது மனைவி கேட்டாள்: "தோள்ல என்னங்க சுண்ணாம்பு? இந்த வாரம் வேலைக்கே போகலையே?"

இடது தோளில் விரலகலத்துக்கு ஒரு கோடு. நார் போட்டுத் தேய்த்தும் தோல்தான் சிவந்தது. கட்டிலில் படுத்தால் அந்தத் தோள்தான் வடக்குப் பக்கம்.

"ராத்திரி யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"நம்ம வீட்டுல தூக்கிட்டுப் போக என்ன இருக்கு?" என்று அவள் சிரித்தாள்.

மறுவாரம் இடது கால் தரையில் பாவவில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ஒண்ணும் தெரியலைங்க" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து, வலது காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அப்பாடா, இன்னிக்கு நல்ல மழைதான்" என்றபடி மனைவி கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள்.