பன்னிரண்டாவது வளைவு

"பாம்... பாம்... பாஆஆம்!"

இலவசக் கண் முகாமின் வரிசைக்குள் லாரி எப்படி வரும்? நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இதே ரகளைதான்.

வரிசையில் நின்றவர், பார்வை மங்கி ஸ்டியரிங்கை விட்ட ஒரு லாரி டிரைவர். வரிசை நகராவிட்டால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். முன்னால் இருப்பவர் சுவர் அட்டையிலுள்ள எண்களைப் படித்தால், அதே குரலில் இவரும் திருப்பிச் சொல்வார். வரிசை சிரிக்கும். மதியத்துக்குள் 'ஹாரன்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"ஐயா, கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க!"

"எப்படிம்மா இருக்கிறது? 'மாசக் கடைசிக்குள்ள கண்ணு வந்தா வண்டி உனக்கு, இல்லேன்னா வேற ஆளு'ன்னுட்டார் முதலாளி." முதலாளியின் மூக்கடைத்த குரலும் கூடவே வந்தது. "மலைப்பாதையில பதினெட்டு வளைவு. வளைவுக்கு ஒரு ஹாரன். பன்னெண்டாவதுல திரும்பினா பொசுக்குனு கடல் தெரியும் பாருங்க..." குரல் இறங்கியது. "ரெண்டு வருஷமா கண்ணை மூடினாத்தான் தெரியுது."

மைக் கரகரத்தது. மேனேஜர்.

"கவனிக்கவும், கவனிக்கவும்! நன்கொடை நாற்பது ஆபரேஷனுக்குத்தான். முப்பத்தொன்பது முடிஞ்சாச்சு. இன்னும் ஒரே ஒரு இடம்! மத்தவங்க அடுத்த வருஷம்!"

"ஒரு ஆபரேஷனுக்கு ஒரு டயர் விலைகூட ஆகாதாமே! அதுக்கா இந்த இழுபறி?" என்றார் ஹாரன்.

"அதான் நாற்பது டயர் வாங்கியாச்சே! போடற ஒவ்வொரு காசுக்கும் பலன் ஜாஸ்தியா இருக்கணும்யா. எங்க கணக்கு அதுதான்," என்றார் மேனேஜர், மைக்கை அணைக்க மறந்து.

வரிசையில் மிச்சம் ஹாரன், அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவள் கையைப் பிடித்திருந்த மகள். ஹாரன் குனிந்து சிறுமியிடம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள்.

அதற்கப்புறம் ஹாரன் சத்தமே இல்லை.

"அடுத்தது!"

ஹாரன் வந்து உட்கார்ந்தார். நர்ஸ் எப்போதும்போல அட்டைக்கு முதுகைக் காட்டி, நோட்டில் குனிந்திருந்தாள். சுற்றிலும் மேஜை நாற்காலி இழுபடும் சத்தம். முகாமை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"கடைசி வரியைப் படிங்க."

"ஏழு, ரெண்டு, அஞ்சு, நாலு, ஒன்பது!"

பேனா நின்றது. "அந்தக் கண்ணை மூடிக்கிட்டு, இதால படிங்க."

"ஏழு, ரெண்டு, அஞ்சு, நாலு, ஒன்பது!"

"என்னய்யா இது, என்னைவிட நல்லாத் தெரியுது! ஓசியில மூக்குக்கண்ணாடி கிடைக்கும்னு வந்தீங்களா?"

"ஹிஹி... பிடிச்சிட்டீங்களே!"

"வெட்கமா இல்ல? கண்ணு தெரியாதவங்க இடத்துல வந்து நின்னுக்கிட்டு! எழுந்திரிங்க!"

எழுந்தவர் பக்கத்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். "நடிப்பைப் பாரு," என்று முணுமுணுத்தாள் நர்ஸ்.

மகள் தாயைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"ஸ்கூலுக்குப் போகலையாடி நீ?"

"அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுக்கா. நான்தான் கையைப் பிடிச்சு வேலைக்குக் கூட்டிட்டுப் போகணும். மூணாம் கிளாஸோட நின்னுட்டேன்." சிறுமிக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. "ஹாரன் மாமாவும் இதையேதான் கேட்டாரு. சொன்னதும், 'அடேங்கப்பா, ஒரு டயரை மாத்தினா ரெண்டு வண்டி ஓடுமா!'ன்னாரு."

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "சரி, கடைசி வரியைப் படிங்கம்மா."

"ஒண்ணுமே தெரியலைங்க."

"எனக்கும்தான் தெரியல," என்றாள் மகள். "ஹாரன் மாமா உட்கார்றதுக்கு முன்னாடியே அட்டையைச் சுருட்டி வேன்ல ஏத்திட்டாங்களே அக்கா!"

நர்ஸ் திரும்பினாள்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

வெளியே, சுவரைத் தடவியபடி தூரம் போய்க்கொண்டிருந்தது ஹாரன் சத்தம். ஒன்று. சற்று இடைவெளி. இன்னொன்று. வளைவுக்கு ஒன்றாக.