மாற்றாத பாஸ்வேர்டு

குடும்பப் படங்களை இணைய நிறுவனங்களிடம் கொடுக்க மனமில்லாத செண்பகவல்லி, தன் பழைய லேப்டாப்பில் படங்களைச் சேமித்து எங்கிருந்தும் பார்க்க உதவும் ஓர் இலவச மென்பொருளை நிறுவி, எல்லாப் படங்களையும் அதில் ஏற்றினாள்.

"அண்ணே, மென்பொருளோட வந்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கு. அது ஊருக்கே தெரியும். மாத்தச் சொல்லுங்க" என்று லேப்டாப்பிடம் சொன்னது வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டர்.

"அவங்க ஆசையா திரைக்கு நிறம் பார்த்துட்டு இருக்காங்க. இப்பப் போய் ஏன் பயமுறுத்தணும்?" என்றது லேப்டாப்.

மறுநாள் முன்பின் தெரியாத ஒருவன் இணையம் வழியாக வந்து, அந்தப் பாஸ்வேர்டைச் சரியாகச் சொன்னான். லேப்டாப் உள்ளே விட்டது. அவன் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினான்.

"பொறுப்பான ஆள்" என்று லேப்டாப் மெச்சிக்கொண்டது.

மாலையில் செண்பகவல்லி மகளின் படத்தைப் பார்க்க வந்தாள். "பாஸ்வேர்டு தவறு" என்று சொல்லி, லேப்டாப் அவளை வெளியே நிறுத்தியது.