ஆறு தோள்

சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார் தபால் அலுவலகத்து நோரீன்.

எங்கள் சிறிய ஊர் வில்காராவுக்குப் பாதிரியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் அப்பாவுக்கான ஜெபத்தை நோரீன்தான் வாசித்தார்.

தேவாலயத்தின் முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்பாவோடு செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ட்ரெவர், அவர் தம்பி டெஸ். ட்ரெவருக்கு எண்பது வயது. டெஸ்ஸுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

மற்றவர்கள் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வயதான கைகள். சுரங்கம் மூடியதும் திடமானவர்கள் அத்தனை பேரும் அடிலெய்டுக்குப் போய்விட்டார்கள். நானும் அப்படிப் போனவள்தான்.

கடைசி வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

நான்கு பேர் எழுந்து நடைபாதைக்கு வந்தார்கள். ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புருண்டிக்காரர்கள். அந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார்கள்.

"அப்பாவுக்கு இது பிடிக்காது" என்றேன் நோரீனிடம், மெதுவாக.

எனக்குத் தெரியும். வாராவாரம் போனில் கேட்டவள் நான். அவர்களுடைய பதினான்கு குடும்பங்கள் வந்து இறங்கிய அன்று, "ராண்டா, இனி இது நம்ம ஊரு இல்ல" என்றார். மூடப்போன பள்ளிக்கு அவர்களுடைய பிள்ளைகளால் இரண்டாவது ஆசிரியர் வந்தார், அதற்கும் முணுமுணுத்தார். கடையில் மரவள்ளி மாவு விற்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மேளம் அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். அவர்களைக் குடியேற்ற வேண்டாம் என்று நகரசபைக்குப் போன கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

நான் சொன்னது ட்ரெவர் காதில் விழுந்துவிட்டது.

"உங்கப்பனுக்கு எதுதான் பிடிச்சிருக்கு, கண்ணு? நாங்க ரெண்டு பேரு மட்டும் தூக்குனா வாசப்படியிலயே கீழ போட்டுருவோம். பேசாம வா."

நான் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

கல்லறைத் தோட்டம் அரை மைல். செம்மண் பாதை நெருப்பாகக் கொதித்தது. டெஸ் காலை இழுத்து இழுத்து நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கவனித்தேன், அந்த நால்வரும் அவருடைய நடைக்குத் தங்கள் நடையைக் குறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாயிலைத் தாண்டியதும் அம்மாவின் கல்லறை வந்தது.

பெட்டி நிற்கவில்லை. அதைக் கடந்து வேலியோரமாகப் போயிற்று.

"நில்லுங்க" என்றேன். "அங்க இல்ல. அப்பாவோட இடம் இங்க. அம்மா பக்கத்துல."

இந்த ஊர் மண்ணுக்கு அடியில் ஒரு முழத்திலேயே பாறை. அம்மா இறந்தபோது அப்பா வெடி வைத்து இரண்டு குழியாகப் பிளக்கச் சொன்னார். ஒன்றில் அம்மாவை வைத்தோம். மற்றதைத் தனக்கென்று மணல் போட்டு நிரப்பிவைத்தார். பதினோரு வருடமாக அது அவருடைய இடம்.

பெட்டியை வேலியோரத்துப் புதுக்குழிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார்கள். நால்வரில் மூத்தவர் என்னிடம் வந்தார். பெயர் கஸ்பார் என்றார். அவர் உள்ளங்கை முழுவதும் கொப்புளம்.

"உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனைச்சோம்" என்றார்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அம்மாவின் பக்கத்தில் மணல் மட்டமாக இல்லை. சின்னதாக ஒரு மேடு. சுற்றிலும் வெள்ளைக் கற்கள். தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. 'கேஸா, ஏழு மாதம்.'

"ஜனவரியில காய்ச்சல். புழுதிப்புயல்ல டாக்டரக் கூட்டிட்டு வந்த விமானம் எறங்க முடியல. மறுநாள் நாப்பத்தேழு டிகிரி. பாறையத் தோண்டுற இயந்திரம் வர மூணு நாள் ஆகும்னாங்க. கொழந்தைய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

அவர் குனிந்து ஒரு வெள்ளைக் கல்லை நேராக்கி வைத்தார்.

"உங்கப்பா மண்வெட்டியோட வந்து கதவத் தட்டுனாரு. அதுவரைக்கும் எங்கள யாரையும் ஏறிட்டுக்கூடப் பாத்ததில்ல. 'என் குழியில வெறும் மணல்தான், அரை மணி நேரத்துல தோண்டிரலாம், வா'ன்னாரு. நாங்க தோண்டுற வரைக்கும் எங்க தலைக்கு மேல குடையப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு."

ஜனவரியில் அப்பா போனில் மேளச் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வேலியோரத்துக் குழியைப் பார்த்தேன். இயந்திரம் வெட்டியதல்ல. பக்கச் சுவரெல்லாம் கடப்பாறைத் தழும்பு. வேலை முடிந்து வந்து ஐந்து மாலைகள் வெட்டினார்கள் என்று ட்ரெவர் பிறகு சொன்னார்.

கஸ்பார் இன்னும் போகவில்லை.

"உங்கம்மா பக்கத்து எடம் அவரோடது, ராண்டா. எம் பொண்டாட்டிகிட்டயும் கேட்டுட்டேன்." வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நீங்க சரின்னு சொன்னா, எங்க பொண்ண இந்தப் புதுக் குழிக்கு மாத்திர்றோம். அவரு அவங்க பக்கத்துலயே இருக்கட்டும்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். வாயைத் துணியால் பொத்தியிருந்தாள்.

நான் அம்மாவின் கல்லறைக் கல்லில் கை வைத்தேன். கை சுட்டது.

"வேணாம்" என்றேன். "எங்கம்மா பேரப்பிள்ளை வேணும் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்னால குடுக்க முடியல. அவ இங்கயே இருக்கட்டும்."

கஸ்பார் மற்றவர்களிடம் தன் மொழியில் ஏதோ சொன்னார். ஒருவர் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியை இறக்கக் கயிறுகளை எடுத்தார்கள். டெஸ்ஸால் குனிய முடியவில்லை.

அவர் கையிலிருந்த முனையை நான் வாங்கிக்கொண்டேன்.