நாலாவது அம்புக்குறி

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஜெயபுரத்தில் ஒரு கிடுகுக் கொட்டகை. கூரை ஓட்டைகளால் இறங்கும் மத்தியான வெயில் கரும்பலகையில் புள்ளிபுள்ளியாகக் கிடக்கிறது. சண்டையால் இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரி ஒன்றின் ஊழியர்களுக்கு, நோயாளர் பதிவைக் கணினிக்கு மாற்றும் முறையை ரஜிதா படிப்பிக்கிறாள். “முதல்ல படம் கீறுவம். படம் சரியெண்டால் அதிலயிருந்துதான் புறோகிராம் வரும்,” என்கிறாள். நோயாளியைச் சேர்ப்பதைக் குறிக்கும் ‘அனுமதி’ என்ற பெட்டியிலிருந்து மூன்று அம்புக்குறிகள் போகின்றன: சுகமாகி வீடு, வேறு ஆஸ்பத்திரி, மரணம். பதிவேடு எழுதும் வீரகத்தி, ஐம்பதைக் கடந்தவர், பழைய பதிவேட்டை மார்போடு அணைத்தபடி எழும்புகிறார். “பிள்ளை, நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடேக்க லொறியில ஏத்தேலாமல் வார்ட்டில பதினொரு பேரை விட்டிட்டு வந்தனாங்கள். அவை இந்த மூண்டிலயும் இல்லை. பிறகு ஆர் கொண்டுபோனது, எங்க, ஒண்டும் தெரியாது.” வெளியே மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் விக்கி விக்கி இரைகிறது. ரஜிதா நாலாவது அம்புக்குறியை வரைந்து, அதன் முனையில் வெறும் பெட்டி ஒன்றைப் போடுகிறாள். “இதுக்கு என்ன பேர் வைக்கிறது?” தாதி கமலாட்சி தலை நிமிராமலே சொல்கிறாள்: “தேடவேண்டிய ஆக்கள் எண்டு போடுங்கோ.” ரஜிதா எழுதுகிறாள். “ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பா ஓராள் வேணும். இதுக்கு ஆர்?” வீரகத்தி இன்னும் உட்காரவில்லை. “கடைசி லொறியில ஏறினவன் நான்தான், பிள்ளை,” என்கிறார். “என்ர பேரை எழுதுங்கோ.”